உப்பு ஜாடியும் ஜொகூர்க் காற்றும்

சமையல் உப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் உலர்ந்து பொலபொலவென்று கிடக்கும். சேலத்திலும் திருச்சியிலும் சித்திரை மாத நண்பகலில் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் தென்கரையில், கடலை ஒட்டி இருக்கும் பாசிர் கூடாங்கில் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். இரவில் 90ஐத் தாண்டும். உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைத்தால் உப்பு கசியாது என்பது தமிழ் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த குறிப்பு. தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களில் அது பலிக்கிறது. அரிசி கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, அடுத்த வெயில் நாளில் அதைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பாசிர் கூடாங்கில் திருப்பிக் கொடுக்க உலர்ந்த நாளே வருவதில்லை. சில நாளில் அரிசி நிறைந்துவிடும், உப்பு பழையபடி கசியும். குறிப்பு தவறா என்றால் இல்லை. அது புறப்பட்ட ஊரின் காற்று அதனோடு கூட வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக் குறிப்பு என்று நாம் சொல்வது முழு விடை ஆகாது, நிபந்தனையோடு கூடிய விடை என்பதே இந்தக் கட்டுரை வாதிடும் கருத்து. ஒரு குறிப்பை அது ஏன் பலிக்கிறது, எப்போது பலிக்காது என்ற அறிவோடு கைமாற்றினால் அது இடம் மாறியும் பிழைக்கும், வேறு உருவத்திலாவது பிழைக்கும். செய்முறையை மட்டும் கைமாற்றினால் அது சில இடங்களில் வீணாகும், சில இடங்களில் ஆபத்தாகவே முடியும். இதைச் சோதித்துப் பார்க்கப் பாசிர் கூடாங் தமிழ்க் குடும்பங்களைவிடத் தகுந்த இடம் கிடைப்பது கடினம். மூன்று நான்கு தலைமுறைக்குள் இவர்களின் அடுப்படி மூன்று வெவ்வேறு உலகங்களைப் பார்த்திருக்கிறது: தமிழ்நாட்டின் வறண்ட கிராமம், ஜொகூரின் ரப்பர்த் தோட்டத்து லயம் என்னும் வரிசைக் குடியிருப்பு, இரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் அடுக்குமாடி.

1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் கங்காணி முறையில், அதாவது தோட்டத்துக் கங்காணியே தன் ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் முறையில், ஆள் சேர்ப்பு பெருகியது. திருச்சி, சேலம், தஞ்சை, ஆற்காடு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களே பெரும்பகுதி. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடை செய்ததும் அந்த ஓட்டம் நின்றது. ஊரோடு தொடர்பு மெலிந்த அந்த ஆண்டுக்குப் பிறகு அம்மாவுக்குத் தெரிந்ததே மகளுக்கு முழு நூலகம். பிறகு தோட்டங்கள் சுருங்கின. பாசிர் கூடாங்கில் மாநில வளர்ச்சிக் கழகம் தொழிற்பேட்டையை எழுப்பியது, 1977இல் ஜொகூர்த் துறைமுகம் திறந்தது, செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோலிய இரசாயன ஆலைகளும் வந்தன. 2020 நவம்பரில் ஊர் மாநகரத் தகுதி பெற்றது. லயத்து விறகடுப்பு கேஸ் அடுப்பாயிற்று, முற்றம் பால்கனியாயிற்று. குறிப்புகள் மட்டும் பழைய சொற்களிலேயே தொடர்ந்தன.

மண்பானையை முதலில் எடுத்துக்கொள்வோம். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவு வேகமாக நீர் ஆவியாகும். வெப்பம் 36 பாகை, ஈரப்பதம் 35 விழுக்காடு உள்ள திருச்சி நண்பகலில் ஆவியாதல் நீரைக் குளிர்விக்கக்கூடிய கீழெல்லை சுமார் 24 பாகை. காற்றைவிட 12 பாகை குறைவு. வெப்பம் 32, ஈரப்பதம் 70 உள்ள பாசிர் கூடாங் பிற்பகலில் அந்தக் கீழெல்லை 27க்கும் 28க்கும் இடையில் நின்றுவிடுகிறது. நாலைந்து பாகைதான் வித்தியாசம், இரவில் அதுவும் இல்லை. பானைத் தண்ணீர் இங்கே ருசிக்கலாம், குளிராது. பாட்டன் ஊரில் சில்லென்று இருந்தது என்பது வெறும் ஏக்கமன்று, இயற்பியல். வெளிப்பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும் பானை இங்கே பாசி பிடிப்பதற்கும் காரணம் அதே இயற்பியல்தான்.

வடகமும் வற்றலும் இன்னும் நுட்பமான வழக்கு. கூழ் வடகம் பிழிந்து மாடியில் காயவைப்பது சித்திரை, வைகாசி வெயிலை நம்பிய கலை. உணவில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் அதில் உள்ள ஈரம் சுற்றியுள்ள காற்றின் 70 விழுக்காட்டு ஈரப்பதத்துக்குச் சமமான நிலைக்கும் கீழே இறங்கியாக வேண்டும். திறந்து வைத்த பண்டம் எதுவும் தன்னைச் சூழ்ந்த காற்றைவிட அதிகம் உலர முடியாது. பாசிர் கூடாங்கில் நிழலில் எத்தனை நாள் கிடந்தாலும் வடகம் அந்த எல்லையைத் தாண்டாது. பிற்பகல் மழைக்கு முந்தைய நாலைந்து மணி நேர நேர்வெயில் மட்டுமே அதைத் தாண்ட வைக்கும், ஏனென்றால் வெயிலில் சூடேறிய தட்டை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் தற்காலிகமாகக் குறைகிறது. தகரக் கூரையின்மேல் காயப்போடுவது அந்தச் சூட்டைக் கூட்டும் வழி. மாலையில் எடுத்து உள்ளே திறந்து வைத்தால் இரவுக்காற்று பகலில் போன ஈரத்தைத் திருப்பித் தந்துவிடும். ஆகவே இங்கே வடகத்தின் உயிர் வெயிலில் மட்டும் இல்லை, வெயில் இறங்குமுன் சூட்டோடு அடைத்து வைக்கும் டின்னிலும் இருக்கிறது. மூடி இறுகப் பொருந்தும் பால்மாவு டின்னும் பிஸ்கட் டின்னும் மலேசியத் தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக எறியப்படாமல் இருப்பதைச் சிக்கனம் என்று மட்டும் நினைப்பது தவறு. ஈரக்காற்றை வெளியே நிறுத்தத் தெரிந்தவர்களின் கருவி அது. பழைய குறிப்பு புது ஊரில் எப்படி உருமாறிப் பிழைத்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று அந்த டின்தான். உப்புக்கும் அதுவே வழி. விறகடுப்பு எரிந்த நாளில் உப்புச் சட்டி அடுப்பை ஒட்டி இருந்தது. 26 பாகையில் 90 விழுக்காடு ஈரமுள்ள காற்று 36 பாகைக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் 50ஐ ஒட்டி இறங்கிவிடும். அந்தக் கணக்கு தெரியாமலே உப்பு 75க்குக் கீழே காப்பாற்றப்பட்டது. கேஸ் அடுப்பு நாளுக்கு இரண்டு வேளை மட்டும் எரிவதால் அந்த இடம் பலனற்றுப் போயிற்று, இறுக்கமான மூடி அதன் வேலையை ஏற்றுக்கொண்டது.

பருப்பைப் பூச்சியிடமிருந்து காக்கும் இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. தமிழ்நாட்டில் துவரைக்குச் செம்மண் கட்டுவது பழைய வழக்கம். இன்னொன்று, பயறு வகைகளில் ஆமணக்கெண்ணெயைக் கொஞ்சமாகத் தடவிப் புரட்டி வைப்பது. இரண்டையும் கிழவிகள் ஒரே மூச்சில் சொல்வார்கள், ஒரே மூட்டையில் வைத்துத்தான் நாமும் பார்க்கிறோம். ஆனால் அவை பூச்சியைக் கொல்லும் வழிகள் முற்றிலும் வேறு. நுண்ணிய மண்தூள் பூச்சியின் உடல்மேல் உள்ள மெழுகுப் படலத்தைச் சிராய்க்கிறது, பூச்சி தன் உடல்நீரை இழந்து சாகிறது. மந்தத் தூள்கள் இப்படி வேலை செய்வதைப் பூச்சியியலாளர் விக்கிள்ஸ்வர்த் 1940களில் காட்டினார். காற்று ஈரமாக இருந்தால் பூச்சி இழக்கும் நீர் குறைவு, ஆகவே தூளின் வலிமையும் குறைவு. இது தானியச் சேமிப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. எண்ணெயோ பயற்றின்மேல் ஒட்டிய முட்டைக்குள் காற்றுப் போகும் வழியை அடைக்கிறது. கிலோவுக்கு 5 மில்லி அளவே பயற்று வண்டின் முட்டைகளைப் பொரியவிடாது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. மூச்சடைப்புக்குக் காற்றின் ஈரம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே கடல் தாண்டினால் செம்மண் பலவீனமாகும், ஆமணக்கெண்ணெய் பலவீனமாகாது. செய்முறையை மட்டும் அறிந்தவருக்கு இரண்டில் எதைப் பெட்டியில் எடுத்து வைப்பது என்று தெரிய வழியில்லை. காரணத்தை அறிந்தவர் மண்ணை ஊரிலேயே விட்டுவிட்டு எண்ணெயோடு கப்பல் ஏறுவார்.

காரணம் தெரிந்தவர் புதிதாகவும் கற்றுக்கொள்வார். ரம்பை என்று நாம் சொல்லும் பண்டான் இலையைக் கரப்பான் வராதிருக்க அலமாரியிலும் காரிலும் வைப்பது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் கைக்கொள்ளும் மலேசிய வழக்கம். மலேசிய, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பண்டான் சாற்றைக் கரப்பானிடம் சோதித்து அதற்கு விரட்டும் தன்மை உண்டென்று கண்டிருக்கிறார்கள். ஆனால் விரட்டுவது அதன் மணப்பொருள். இலை காய்ந்து மணம் போனால் அது வெறும் சருகு. அதுபோல அரிசி வண்டுக்கு வேப்பிலைக்குப் பதில் இப்போது பல வீடுகளில் உறைபெட்டி. அரிசிப் பையை நாலு நாள் உறையவைத்தால் முட்டையும் புழுவும் சாகும். இங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு, அது ஜொகூர் போன்ற ஈரக்காற்று ஊருக்கே உரியது. பையை வெளியே எடுத்தவுடன் பிரித்தால் குளிர்ந்த அரிசிமேல் ஈரக்காற்று நீராகப் படியும். வண்டுக்குத் தப்பிய அரிசி பூஞ்சைக்கு இரையாகும். அறைச்சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் குறிப்பு முழுமை பெறும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நம் பாட்டிமாருக்கு ஈரப்பத விழுக்காடும் தெரியாது, மெழுகுப் படலமும் தெரியாது. இருந்தும் குடும்பம் நடத்தினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். காரணம் தெரியாமலே பலித்த ஒன்றுக்கு இப்போது காரணத்தை ஏன் கட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் ஜப்பான்காரன் காலத்தில் கிடைக்கிறது. 1942 முதல் 1945 வரை அரிசி வரத்து அருகிப்போன மலாயாவில் தோட்டத்துத் தமிழர்களை உயிரோடு வைத்தது மரவள்ளிக்கிழங்கு. அந்தக் கிழங்கில், அதிலும் கசப்பு வகையில், சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. கிழங்கை நறுக்கும்போது அதன் செல்கள் உடைந்து அதில் உள்ள நொதியோடு அந்தப் பொருள் கலக்கிறது, சயனைடு பிரிகிறது, ஊறும் நீரிலும் கொதிக்கும் ஆவியிலும் வெளியேறிவிடுகிறது. தோலை உரி, சிறிதாக நறுக்கு, ஊறவை, நிறைய நீரில் மூடாமல் வேகவை, தண்ணீரைக் கொட்டு என்ற ஐந்து கட்டளையும் அந்த நிகழ்வை வரிசை தவறாமல் பின்பற்றுகின்றன. முழுக்கிழங்கைச் சட்டென்று கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், நஞ்சின் மூலம் கிழங்கிலேயே தங்கிவிடும். வேதியியல் சொல் ஒன்றும் அவர்களிடம் இல்லை. ஆனால் கசந்தால் தின்னாதே, மூடி வேகவைக்காதே என்ற எச்சரிக்கைகள் செய்முறையோடு சேர்ந்தே நடந்தன. காரணம் என்று நான் சொல்வது வாய்பாட்டை அன்று. எப்போது செய்ய வேண்டும், எப்போது செய்யக் கூடாது, கைவிட்டால் என்ன ஆகும் என்ற எல்லையைத்தான் சொல்கிறேன். அந்த எல்லை அவர்களிடம் இருந்தது. கை பொறுக்கும் சூடு, பதம், வெயில் தாழுமுன், நுரை அடங்கியபின் என்று அவர்களுடைய அளவுச் சொற்கள் எல்லாமே நிபந்தனைச் சொற்கள்தாம்.

அந்தச் சொற்கள் எங்கே உதிர்ந்தன? அச்சில் என்பது என் எண்ணம். தமிழ்ப் பெண்கள் இதழ்கள் வாசகியரின் வீட்டுக் குறிப்புகளைப் பரிசளித்து வெளியிட்டு ஒரு தனி இலக்கிய வகையையே வளர்த்தன. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுப்படிக்குள் கிடந்த அறிவுக்குப் பெயரும் கௌரவமும் கிடைத்தது அங்கேதான். ஆனால் மூன்று வரிக்குள் அடங்க வேண்டிய அந்த வடிவம் முதலில் வெட்டியது நிபந்தனையை. அம்மா அருகில் நின்று காட்டும்போது "இன்னைக்கு மழைக் காத்து, வேண்டாம்" என்று சேர்த்துக்கொள்வாள். மதுரையிலிருந்து ஒருவர் எழுதிய மூன்று வரியை ஜொகூரில் படிப்பவருக்கு அந்த வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல ஆளில்லை. கைப்பேசியில் ஒரு நிமிடக் காட்சியாக வரும் குறிப்புக்கு இது இன்னும் பொருந்தும்.

இந்த வெட்டு அரிசியும் உப்பும் கெடுவதோடு நின்றிருந்தால் இத்தனை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. பாசிர் கூடாங் போன்ற தொழில் நகரில் அது உயிரைத் தொடுகிறது. பழைய அடுப்படியின் துப்புரவுப் பொருள்கள் புளி, எலுமிச்சை, சாம்பல், சீயக்காய். புளியின் அமிலம் பித்தளைப் பாத்திரத்தின் களிம்பைக் கரைக்கும், சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கழுவும். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று தணித்து வீணாகும், கெடுதல் ஒன்றும் வராது. இந்த அனுபவத்தில் வளர்ந்த வீட்டில், ஒன்றோடொன்று சேர்ந்தால் வலிமை கூடும் என்ற நம்பிக்கை கேடில்லாமல் இருந்தது. அதே நம்பிக்கையோடு கடையில் வாங்கிய வெளுப்பு நீரையும் கழிவறை அமிலத்தையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வெளுப்பு நீரை அமோனியா உள்ள துப்புரவு நீரோடு கலந்தால் குளோரமின். சின்னஞ்சிறு சன்னல் வைத்த அடுக்குமாடிக் குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். சோடா மாவும் வினிகரும் கலந்து பொங்கவிடும் பரவலான குறிப்பு ஆபத்தற்றது; பொங்கி முடிந்தபின் மிஞ்சுவது உப்பு கரைந்த நீர் போன்ற ஒன்று, அதற்கு அழுக்கெடுக்கும் வலிமை அநேகமாக இல்லை. தனித்தனியே இரண்டும் பயனுள்ளவை.

துணியின் கதையும் இப்படித்தான். குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டுவதைத் தமிழ் வீடுகளில் எங்கும் பார்க்கலாம். இதற்குப் பெரிய அறிவியல் சான்றும் உண்டு. வங்காளதேசத்தின் மத்லாப் பகுதியில் 65 கிராமங்களில் ரீட்டா கால்வெல் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிகட்டிய குடும்பங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணிய மிதவை உயிர்களில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. துணி தடுப்பது கிருமியை அன்று, அது ஏறிவரும் வாகனத்தை. துவைத்துத் துவைத்து நூல் பிசிர்ந்த பழைய சேலையின் துளைகள் இன்னும் சிறுத்திருப்பதால் புதுத்துணியைவிடப் பழையதே மேல். ஒரு குறிப்பின் பெருமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் ஆய்வு இது. துணி துகளைத் தடுக்கும், கரைந்ததையும் ஆவியையும் தடுக்காது. 2019 மார்ச் 7 அன்று பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாக இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. காற்றில் கலந்த ஆவிகளில் பென்சீன், டொலுவீன், அக்ரோலின் போன்றவை கண்டறியப்பட்டன. 111 பள்ளிகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினர், அவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொள் என்பது புகைக்கும் தூசிக்கும் எழுந்த குறிப்பு. பென்சீன் ஆவி அந்த ஈரத்துணிக்குள் தங்கு தடையின்றி நுழையும். அங்கே பிள்ளைகளைக் காப்பது, காற்று வீசும் திசையறிந்து உடனே இடத்தைவிட்டு நகர்வது மட்டுமே. துணி கட்டிக்கொண்டோம் என்ற நிம்மதியில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்பவருக்கு அந்தக் குறிப்பே பகையாகிறது.

தண்ணீர் சேமிப்பில் நிலைமை இதைவிடச் சிக்கலானது. குடத்திலும் தொட்டியிலும் நிறைத்து வைப்பது தமிழ்க் குடும்பத்தின் இயல்பு, அது நல்லதும்கூட. 2015இல் சுங்கை லாயாங் அணையின் நீர்மட்டம் சரிந்து மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் சுழற்சி முறையில் தண்ணீர் விநியோகம் நடந்தபோது அந்த வழக்கமே வீடுகளைக் காத்தது. ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நிறைத்து வைத்த தெளிந்த நீரைவிட உவப்பான இடமில்லை. முட்டை கொசுவாக இந்தச் சூட்டில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய் என்ற விதி அந்தக் கணக்கில் பிறந்தது. காலிசெய்வது மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையிடுவது நீரில் அன்று, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் மறுபடி நீர் பட்டால் பொரியும். ஆகவே கவிழ்த்த ட்ரம்மைத் தேங்காய் நாரால் உள்சுவர் முழுக்கத் தேய்த்துக் கழுவ வேண்டும். பித்தளைக் குடத்தை மெருகுக்காகப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்க்கும் பழக்கம் அறியாமலே இதைச் செய்துவந்தது. நெகிழி ட்ரம்முக்கு மாறியபோது மெருகு தேவைப்படவில்லை, தேய்ப்பதும் நின்றுவிட்டது. ஒரு பழக்கம் தன் வெளிக்காரணத்தோடு சேர்ந்து மறையும்போது, அதன் மறைவில் இருந்த காரணமும் காவலும் கூடவே போய்விடுகின்றன.

இன்னொரு மறுப்பும் உண்டு, அதை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டுச் சாமர்த்தியத்தைப் புகழ்வது பெண்ணின் கூலியில்லா உழைப்பைப் புகழ்வதாகாதா? அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில், வீட்டுக்கருவிகள் பெருகியும் இல்லத்தரசியின் வேலை நேரம் குறையவில்லை என்று காட்டினார். கருவி வரவர எதிர்பார்ப்பும் உயர்ந்தது. விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போய்த் திரும்பி அடுப்பேற்றிய தோட்டத்துப் பெண்ணுக்கும், இன்று ஆலையில் 12 மணி நேர ஷிப்டு முடித்து வருபவருக்கும் இன்னொரு கைவேலையைச் சுமத்தும் குறிப்பு அறிவாகாது, பாரம். இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதனாலேயே காரணத்தை வற்புறுத்துகிறேன். காரணம் தெரிந்தால்தான் எதைத் துணிந்து விடலாம் என்று தெரியும். இட்லி மாவு இரவெல்லாம் புளிக்க வேண்டும் என்பது விதியன்று. 30 பாகைச் சூட்டில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவை ஷிப்டுக்குப் போகுமுன் குளிர்பெட்டியில் வைத்து நிறுத்தலாம், வந்து வெளியே எடுத்து முடிக்கலாம். புளிக்கவைக்கும் நுண்ணுயிரின் வேகம் சூட்டைப் பொறுத்தது என்று அறிந்த குடும்பத்தில் அந்த வேலையைக் கணவரும் செய்யலாம், பிள்ளையும் செய்யலாம். கைப்பக்குவம் என்று மூடிவைத்தால் அது ஒருத்தியின் கையோடு கட்டுண்டு கிடக்கும். காரணம் வெளியே வந்தால் வேலையையும் பங்கிடலாம்.

பொருள் மலிந்த காலத்தில் இதெல்லாம் தேவைதானா என்போருக்கு எண்ணெயைக் காட்டலாம். உலகின் பெரிய செம்பனை எண்ணெய் ஏற்றுமதித் துறைமுகங்களில் ஒன்றான பாசிர் கூடாங்கிலும் சாதாரணக் குடும்பம் வாங்குவது அரசு மானியத்தில் 2.50 ரிங்கிட்டுக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய். பொரித்த எண்ணெயைத் தெளியவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் சிக்கனம் இயல்பாக வருவது. ஆனால் தெளிவு என்பது துகள் நீங்கியதற்கு அடையாளம், எண்ணெய் கெடாததற்கு அடையாளம் அன்று. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 முறையும் 10 முறையும் சூடாக்கிய செம்பனை எண்ணெயை எலிகளுக்கு உணவில் கொடுத்தபோது இரத்த அழுத்தம் உயர்ந்தது, இரத்தக் குழாய்களின் தளர்வு குன்றியது. வடிகட்டுவது அந்தச் சேதத்தை நீக்காது. அந்த எண்ணெய்க்கு வேறு உபயோகம் உண்டு: சோப்பு. வீட்டிலேயே கழுவுசோப்பு காய்ச்சும் ஆர்வம் இப்போது பெருகியிருக்கிறது, அது நல்ல திருப்பம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் செய்முறைகளில் பல தேங்காயெண்ணெய்க்கு எழுதப்பட்டவை. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுதும் சோப்பாகச் சுமார் 180 கிராம் எரிசோடா வேண்டும். செம்பனை எண்ணெய்க்குச் சுமார் 140 போதும், ஏனென்றால் அதன் கொழுப்பமிலங்கள் நீண்டவை, ஒரே எடையில் எண்ணிக்கை குறைவு. தேங்காயெண்ணெய்க்கான அளவை அப்படியே பாக்கெட் எண்ணெயில் போட்டால் 40 கிராம் எரிசோடா வினைபுரியாமல் கட்டியில் தங்கி, கழுவுபவர் கையைப் புண்ணாக்கும். ஆகவே செம்பனைக்கு 140ஐவிடச் சற்றுக் குறைத்து, 130ஐ ஒட்டி, மின்தராசில் நிறுத்தெடுக்க வேண்டும். எரிசோடாவைத் தண்ணீரில் சேர்க்க வேண்டும், தண்ணீரை எரிசோடாவில் ஊற்றக் கூடாது. அலுமினியச் சட்டியை அது அரித்து எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும், எவர்சில்வர் தாங்கும். கையுறையும் கண்ணாடியும் வேண்டும், பிள்ளைகள் அண்டக் கூடாது. கட்டியானபின் நாலு வாரம் ஆறவிட வேண்டும். சோப்பில் உள்ள கிளிசரின் உப்பைப் போலவே காற்றின் ஈரத்தை இழுக்கும், பாசிர் கூடாங் பால்கனியில் திறந்து வைத்தால் கட்டி முத்துமுத்தாக வியர்க்கும். வீட்டுக்குள் மின்விசிறிக் காற்று படும் இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் கம்பித்தட்டில் அடுக்கி வைத்து, ஆறியபின் உப்பை அடைத்து வைக்கும் அதே மாதிரி பிஸ்கட் டின்னில் போட்டு மூட வேண்டும்.